கிங்ஸ்பரி மாஸ்டரின் லாம்டா

மகள் பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் ஒரு பாடத்தைக் கோட்டை விட்டாள். ஓகஸ்டில் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணாவிட்டால் இரண்டாம் ஆண்டு இல்லை. நம் சனத்துக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதானே, டியூஷன். கிங்ஸ்பரியில் தன் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏ லெவல் கணக்குப் படிப்பிக்கிற ஒரு மாஸ்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார் கணவர். போனேன்.

பாடத்தின் பெயர் லாம்டா கல்குலஸ். அதில் மூன்றே சாமான்கள்தான் என்று ஹரோவில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும்போது மகள் சொன்னாள். x, y என்று வெறும் பெயர்கள். பிறகு λx. என்று தொடங்கும் செய்முறை. எதைத் தந்தாலும் x இருக்கும் இடத்தில் அதைப் போடு என்று அர்த்தம். மூன்றாவது, செய்முறைக்குப் பக்கத்தில் அதற்குத் தரும் பொருள். போட்டுப் போட்டுச் சுருக்குவதுதான் கணக்காம். அர்ச்சனையில் பெயர் வரும் இடத்தில் ஐயர் நம் பெயரைப் போடுவதுபோல என்று எனக்குப் பிடிபட்டது.

"இது ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா, பிள்ளை" என்றார் மாஸ்டர். (λx.λy.x) y என்ற கணக்கில் கடைசி x-ஐ அழித்து y போட்டார். "λy.y. முடிஞ்சுது."

"இல்லை சேர். ரெண்டு சாமான் தந்தா முதலாவதைத் திருப்பித் தாற செய்முறை இது. உங்கட விடையில ரெண்டாவதெல்லோ வரும்? வெளியில இருந்து வந்த y டிஃபரண்ட், உள்ளுக்கு இருக்கிற y டிஃபரண்ட். முதல்ல உள்ளுக்கு இருக்கிறதை z எண்டு மாத்தோணும். விடை λz.y."

"கேள்வித்தாள்ல உள்ள எழுத்தை மாத்த நீர் ஆர்?" என்னிடம் திரும்பினார். "அக்கா, பிள்ளைக்கு வாய் நீளம். அதுதான் பெயில்."

ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் ஐயர்கூட நட்சத்திரம் கேட்டுப் பிரிப்பார். இந்தப் படித்த மனுசனுக்கு அதுவும் ஏலாது.

"எழும்பு பிள்ளை, போவம்."

"டியூஷன் இல்லாமப் பாஸ் பண்ணுவாவோ?"

"ஓம், அம்மாள் இருக்கிறா."

மகள் தன் விடையை நம்பித் தனியே படித்தாள். பாஸ். நான் கண்ணீரோடு வெஸ்ட் ஈலிங் அம்மனுக்குப் பால்குடம் எடுத்தேன், ஏனென்று கேட்ட சனத்துக்கெல்லாம் சொன்னேன். அடுத்த கிழமை தமிழ்க்கடைக் கண்ணாடியில் மாஸ்டரின் புது நோட்டீஸ்: 'பல்கலைக்கழகப் பாடங்களும் கற்பிக்கப்படும். எமது மாணவி லாம்டாவில் சித்தியடைந்தார்.'

தந்த தேத்தண்ணியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழும்பி வந்த பிள்ளை அவருக்கு மாணவி! பால்குடம் சுமந்தது நான், பலன் போனது அவருக்கு.