அப்பா பஸ் ஏறிய நாள்

கொழும்பில் பஸ் ஏறுவது எப்படி என்று எங்கள் லயத்தின் அத்தனை வீட்டுக்கும் பாடம் நடத்தியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கொழும்பை நான் பார்த்திருந்தது ஒரே ஒரு நாள்தான். அதனாலென்ன, பார்க்காதவர்களுக்குச் சொல்ல அது போதாதா?

வட்டகொடைப் பக்கத் தோட்டம் ஒன்றில் அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். பிறந்ததும் அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பிராவில்தான். ஆனாலும் சுதந்திரம் வந்த கையோடு, நாங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று ஆகிவிட்டது. ஆட்கள்தான் என்று எழுதிக்கொடுக்கும்படி அப்பா மனுப் போட்டார். சில வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குறித்த நாளில், காலை பத்து மணிக்கு, விசாரணைக்கு நேரில் வர வேண்டும்.

கடிதத்தைப் படித்துச் சொன்னவர் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா. "பத்து மணிக்குப் பேரைக் கூப்பிடுவாங்க. ஆள் இல்லைன்னா அவ்வளவுதான், பாத்துக்க" என்றார். விசாரணை நடக்கும் கந்தோருக்குப் போகிற பஸ்ஸின் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மாவோ தம்பியைப் பெற்று இருபது நாள். ஆகவே நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் அப்பாவுக்குக் கண்ணாகப் போனேன். எனக்கு அந்த மனுவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. வேலை முடிந்ததும் கடலைக் காட்டுவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்காகத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ரயிலை விட்டு இறங்கினோம். அப்பா கல்யாணக் கோட்டுப் போட்டு, புதுக் குடையைக் கக்கத்தில் வைத்திருந்தார். வெளியே வந்ததும் இருவருக்கும் தலை சுற்றியது. அந்த ஊரில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை! எங்களுக்கு வழி என்றால் மேலே போனால் லயம், கீழே போனால் தேயிலை ஸ்டோர். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையாகக் கிடந்தது.

தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் அப்பா கேட்டார். "மொதலாளி, பஸ்ஸு நிக்கிற எடம் மேல இருக்குங்களா, கீழ இருக்குங்களா?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "தோட்டத்து ஆளுங்களா? இங்க மேலயும் இல்ல, கீழயும் இல்ல. நேரா போங்க."

நேரே போனோம். பஸ் நிற்கும் இடம் இருந்தது. தலைக்கு மேலே கம்பி ஓடியது. அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே மின்சார பஸ் வந்தது. எங்கள் தோட்டத்தில் மலை உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்குகள் கம்பியில் தொங்கியபடி ஸ்டோருக்கு இறங்கும். இங்கே ஆட்களையே கம்பியில் மாட்டி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். துண்டிலிருந்த இலக்கமும் பஸ்ஸின் நெற்றியிலிருந்த இலக்கமும் ஒன்றே. "இதுதாம்ப்பா!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து கால்சட்டை போட்ட ஒருவர் வந்தார். அப்பா வெயிலுக்கு விரித்திருந்த குடையைச் சட்டென்று மடக்கிவிட்டு, நடைபாதையிலிருந்து கீழே இறங்கி நின்றார். நானும் நின்றேன். அவர் ஏறினார், பஸ் போய்விட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்கி, பாதையோரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் தோட்டத்தில் கால்சட்டை போட்டவர்கள் மூன்று நான்கு பேர்தான். கொழும்பில் போடாதவர்களை அல்லவா தேட வேண்டியிருந்தது! இரண்டாவது பஸ்ஸுக்கு ஐந்து பேர் வந்தார்கள். அப்பா குடையை மடக்கினார். மூன்றாவதற்கு ஒரு கூட்டமே வந்தது. அப்பா மறுபடியும் இறங்கினார். பின்னால் வந்த கார்க்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான்.

"அப்பா, அவரு துரை இல்லப்பா. செருப்பு பிஞ்சிருக்கு பாருங்க."

"சும்மா இரு தாயி. யாரு எவருன்னு நமக்குத் தெரியுமா?"

நாலாவது பஸ்ஸில் பாதி இடம் காலியாக இருந்தது. கண்டக்டர் படியில் நின்று, "நகின்ன! நகின்ன!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கைகாட்டினார். அப்பா அவருடைய காக்கிக் கால்சட்டையைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு மணியை இழுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கம்தான், வேறென்ன.

"நடந்துருவோம். இந்தக் கம்பி போற வழியே போனா கந்தோரு வந்துரும்ல" என்றார் அப்பா. எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் தோட்டத்துக் கம்பி எங்கிருந்து புறப்பட்டாலும் ஸ்டோரில் வந்துதானே முடியும்? கம்பியை அண்ணாந்து பார்த்தபடி வேகுவேகென்று நடந்தோம். ஒரு நாற்சந்தியில் போய்ப் பார்த்தால் கம்பி மூன்றாகப் பிரிந்து மூன்று பக்கம் போகிறது! ஒரு பக்கம் போய்த் திரும்பினோம். வழி கேட்டு இன்னொரு பக்கம் போனோம். வழியெல்லாம் கால்சட்டைகள். அப்பாவின் குடை விரிந்து மடங்கி, விரிந்து மடங்கி, கடைசியில் ஒரு கம்பி ஒடிந்தே போனது.

கந்தோரில் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். மேசையில் இருந்த எழுதுநர் யாழ்ப்பாணத்துத் தமிழர். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"பேரை மூண்டு தரம் கூப்பிட்டாச்சு. எங்க நிண்டனீங்கள்?"

அப்பா கைகட்டி நின்றார். "பஸ்ஸுல எடமில்லீங்கையா."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் உண்மையே பேச வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த காலம் வேறு. முந்திரிக்கொட்டை மாதிரி நான் முன்னால் போய் நின்றேன். "இல்லீங்க! நாலு பஸ்ஸு வந்துச்சு. எல்லாத்துலயும் எடம் இருந்துச்சு. கால்சட்டை போட்டவங்க ஏறட்டும்னு அப்பாதான் நின்னுக்கிட்டாரு."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதுநர் சிரிக்கவில்லை. குனிந்து தன்னுடைய கால்சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய், சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஐயா ஃபைலை மூடிப்போட்டார். கடிதம் வரும், போங்கோ."

"இன்னொரு தேதி குடுப்பாங்களாங்கையா?"

"கடிதம் வரும்" என்றார் அவர், இன்னும் மெதுவாக.

சொன்ன சொல் தவறாமல் அப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிப் போனார். அடேயப்பா, எவ்வளவு தண்ணீர்! பாவாடையைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் ஓடினேன், நக்கிப் பார்த்துத் துப்பினேன், மறுபடியும் ஓடினேன். அப்பா கோட்டைக் கழற்றாமல் கரையிலேயே நின்றார்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்னாப்பா இருக்கு?"

"உங்க தாத்தா வந்த ஊரு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல தாயி" என்றார்.

சாயங்காலம் ஸ்டேசனுக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றோம். வேலை விட்ட நேரம், ஒரே கூட்டம். எனக்கு முன்னால் வெள்ளைக் கால்சட்டையும் டையுமாக ஒருவர் நின்றார். பஸ் வந்தது. நான் பழக்கத்தில் நடைபாதையை விட்டு இறங்கப் போனேன். அப்பா என் கையை இறுகப் பிடித்தார். அந்த மனிதரைத் தோளால் இடித்து விலக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். ஏறிய பிறகுதான் குடையை மடக்கினார். காலியாக இருந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். டை கட்டியவர் எங்கள் பக்கத்தில் நின்றபடியே வந்தார். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

"அப்பா பஸ் ஏறக் கத்துக்கிட்டாரு!" என்று வீட்டு வாசலிலேயே அம்மாவிடம் கத்தினேன். லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். காலையில் அப்பா குடை மடக்கியதையும் மாலையில் தோளால் இடித்ததையும் நடித்துக் காட்டினேன். பல நாள் அது எங்கள் லயத்தின் பொழுதுபோக்கு. அப்பா சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை.

கடிதம் வந்தது. மனு தள்ளுபடி. பிறகு தாத்தா வந்த ஊருக்கே எங்களை அனுப்பி வைத்தார்கள். இங்கே எங்களுக்குச் சிலோன்காரர்கள் என்று பெயர். தினமும் பஸ் ஏறுகிறேன், யாருக்கும் வழிவிடுவதில்லை.

அந்தக் கால்சட்டைக்காரர்களில் எவர் நம்மை விசாரிக்கப்போகிற ஐயாவோ என்று பயந்துதான் காலையில் அப்பா அத்தனை பேருக்கும் குடையை மடக்கியிருக்கிறார். சாயங்காலம் அவருக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. இது புரியாமல் நான் அவர் மடியில் உட்கார்ந்து, ஸ்டேசன் வரும்வரை கைதட்டிக்கொண்டு வந்தேன்.