கண்ணாடிக்கு அப்பால் ஓடுகிறவள்

யாழ்ப்பாணச் சந்தையில் கூவி விற்றே மூன்று கடை போட்டவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் குரலைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் திமிரோடுதான் ரொறன்ரோவில், தம்பி மகள் சுகந்தி வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் மெக்சிக்கோக்காரி ஒருத்தி மைக்கின் முன் நிற்கிறாள். அறுபது வயதிருக்கும். காலில் சப்பாத்து இல்லை.

“முப்பது வருசமா திரையில வாற இந்த நடிகைக்கு ஸ்பானிஷ் குரல் இவதான், பெரியப்பா. இப்ப குரல் கிழண்டுபோச்செண்டு முதலாளி வேற பிள்ளையொண்டைக் கூப்பிட்டு வெளியில இருத்தியிருக்கிறார். இண்டைக்குச் சரிவராட்டி இவவுக்கு வேலையில்லை.”

“சப்பாத்தை ஏன் கழட்டினவ?”

“நடிகை ஓடினா இவவும் நிண்ட இடத்தில ஓடுவா. சத்தம் மைக்கில விழக்கூடாதெல்லோ.”

திரையில் நடிகை, மகன் ஏறிப் புறப்பட்ட ரயிலின் பின்னால் ஓடுகிறாள். நடிகையின் உதட்டிலிருந்து கண்ணெடுக்காமல் இவளும் ஓடுகிறாள். நடிகை மூச்சிரைக்க நின்று மகனைக் கூப்பிட வாய் திறக்கிறாள். அந்த வாய்க்குள் இவள் குரல் போய் உட்காருகிறது. பாஷை தெரியாத நானே அந்த மகன் திரும்புகிறானா என்று ரயிலைப் பார்க்கிறேன். சந்தையில் நான் போட்டது வெறும் சத்தம்தான்.

முதலாளி இன்னொரு தரம் செய்யச் சொல்லவில்லை. வெளியே இருப்பவளை அனுப்பிவிடச் சொல்கிறார்.

சுகந்தி போய்விட்டுத் திரும்பி வருகிறாள்.

“அவ போறாவில்லை, பெரியப்பா. வெளி ஸ்பீக்கரில கேட்டுக்கொண்டு இருந்தவவாம். உள்ளுக்க வந்து மிச்சத்தையும் பாக்கலாமோ எண்டு கேக்கிறா.”

நான் நகர்ந்து இடம் விடுகிறேன்.