இடதுகைத் துப்பாக்கி

எங்கள் பெரியப்பாவுக்கு எல்லாமே இடது கைதான். சோறு மட்டும் ஊருக்குப் பயந்து வலது கையால் சாப்பிடுவார். அவருடைய நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான். வெடிக்கிற கேப் மேல் அடிக்கும் சுத்தி மற்ற துப்பாக்கிகளில் வலப்பக்கம் இருக்கும். இது அவருக்கென்றே சொல்லிச் செய்தது, இடப்பக்கம்.

அடி அண்ணாமலையில் மலையை ஒட்டி எங்கள் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலைதான். காய் பிடித்ததும் காட்டுப் பன்றி இறங்கி, வருஷச் சாப்பாட்டை இரண்டே நாளில் கிளறிப் போட்டுவிடும். பெரியப்பா மஞ்சள் காமாலையில் போன பிறகு, அப்பா அப்போது கலெக்டர் ஆபீஸ் இருந்த வேலூருக்கு நாலு நடை நடந்து லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றினார். அப்பா வலது கைக்காரர். முதல் தடவை வலது தோளில் வைத்துச் சுட்டவர், முகத்தில் ஈரத் துண்டோடு வீட்டுக்கு வந்தார். வெடிமருந்துப் புகை என்றார். அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினாள். மூன்றாம் நாள் எழுந்து நடமாடினார். நாங்கள் மறந்துவிட்டோம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அப்பா சொம்பை இடது கையால் தூக்கினார். தாழ்ப்பாளை இடது கையால் தடவினார். கூப்பிட்டால் பெரியப்பா மாதிரியே கழுத்தை முழுக்க வலது பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பெரியண்ணன்தான் அண்ணி," என்றாள் அத்தை. "துப்பாக்கி மேல ஆசை ஜாஸ்தி அதுக்கு. வுட்டுட்டுப் போவுமா?"

"உங்கண்ணனுக்கு என்னா கொறை வச்சோம், எங்கூட்டுக்காரர்தான் கெடைச்சாரா?" என்றாள் அம்மா.

சந்தேகத்தை முடித்து வைத்தவள் நான்தான். எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், கொல்லைக்குக் காப்பி கொண்டுபோனேன். அப்பாவுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். செடிகள் அசைந்தன. அப்பா துப்பாக்கியை இடது தோளுக்கு ஏற்றினார். பெரியப்பா சுடுமுன் செய்வதுபோல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். ஒரே வெடி. பன்றி சாய்ந்தது. திரும்பியவர், என்னை உரசிக்கொண்டு, அங்கே ஒருத்தி நிற்கவே இல்லை என்பதுபோல் நடந்துபோனார். தூக்குச் சட்டியில் காப்பி தளும்பியது. அப்பா என்று கூப்பிடாமலே வீட்டைப் பார்த்து ஓடினேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா துப்பாக்கியைக் கிணற்றில் போடக் கிளம்பினாள். அத்தை தடுத்து, டவுனிலிருந்து மந்திரிக்கிறவரை அழைத்து வந்தாள். அவர் அப்பாவை உட்கார வைத்து, வேப்பிலையால் தட்டி, யார் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"பெரியவன்தான். காய் எடுக்கற வரைக்கும் இருக்கேம்மா. துப்பாக்கி மேல கை வக்காதீங்க. அப்புறம் போயிடறேன்."

அம்மா சட்டென்று எழுந்து, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்தி, ஒதுங்கி நின்றாள். மூத்தாரான பெரியப்பா முன்னால் அப்படித்தான் நிற்பாள். காய் எடுத்து முடிக்கும்வரை புருஷன் எதிரில் அவள் உட்காரவே இல்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவோரம் போய்விடுவாள். அப்பாவும் தலை குனிந்தபடி சாப்பிட்டு எழுந்தார்.

அந்த வருஷம் ஒரு செடி பாழாகவில்லை. மூட்டை கட்டிய அன்று கற்பூரம் ஏற்றினோம். "போயிட்டாரு," என்றார் அப்பா. மறுநாள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அம்மா அன்றுதான் அவர் எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலது கண் தீப்பொறி பட்டுப் போய் எத்தனையோ வருஷமாகிறது, தெரியாதா என்று டாக்டர் என்னைக் கேட்டார். வெளியே வந்ததும் அப்பா சொன்னார். "சொல்லியிருந்தா உங்கம்மா அன்னிக்கே துப்பாக்கிய ஒடைச்சிருப்பா. அப்புறம் அந்த வருஷம் என்னாத்தத் தின்றது? கை பழவணும்னுதான் சொம்பக்கூட அதுலயே தூக்கனேன்."

"செருமுனது?" என்றேன்.

"நான் எங்க செருமனேன்?" என்றார்.

சின்ன வயதில், அந்த அறுவடைக்குப் பின் வந்த பௌர்ணமிகளில் அப்பா என்னைக் கிரிவலம் அழைத்துப் போவார். கூட்டத்தில் என்னை ஒருபோதும் வலப்பக்கம் வர விட்டதில்லை. இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். போகிறேன் என்று சொன்ன பெரியப்பா கையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பதினான்கு கிலோமீட்டரும் வாய் திறக்காமல், மரியாதையாக நடந்தேன்.