பூரி வேணும்னு காதுல சொன்னா

கும்மிடிப்பூண்டி கம்பெனில சேர்ந்ததுல இருந்து எனக்கு வார லீவுன்னா ஒண்ணு ஓ.டி., இல்லாட்டி தூக்கம். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, ஜன்னல்ல போர்வையக் கட்டிக்கினு பகல் பூரா படுத்துடுவேன்.

இந்த வாரம் அதிசயமா ஞாயித்துக்கிழமையே லீவு கிடைச்சுது. இன்னிக்கு தூங்கவே கூடாதுனு முடிவு பண்ணேன். ரெண்டாவது படிக்கிற என் பொண்ணக் கூட்டிக்கினு, வேப்பம்பட்டுல ரயில் ஏறி, திருவள்ளூருக்கு நாஷ்டா சாப்ட போனேன்.

ஹோட்டல்ல ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். சர்வர் வந்து, "இன்னா பாப்பா வேணும்?"னு கேட்டார்.

அவ சேர் மேல ஏறி நின்னு, அவர் காதுகிட்ட போய், "பூரி"ன்னா.

"இன்னா கண்ணு, தொண்ட கட்டிக்கிச்சா?"

இல்லன்னு தலையாட்டுனா. அதே மாதிரி மெதுவா, "அப்பாவுக்கு இன்னிக்கு லீவு. சத்தம் போடக் கூடாது"ன்னா.

அவர் சிரிச்சார். என் மூஞ்சப் பாத்ததும் சிரிப்ப நிறுத்திக்கினு உள்ள போய்ட்டார்.

"அப்பா முழிச்சிக்கினுதானம்மா கீறேன். சத்தமாவே பேசு"ன்னேன்.

"சரிப்பா"ன்னா. அதுவும் எனக்கு சரியா கேக்கல.

தண்ணி குடிச்சிட்டு டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சு, டொக்குனு சத்தம் வராம மேஜை மேல வெச்சா.

நைட் ஷிப்ட் போற அப்பாங்களே, உங்க ஊட்டு பசங்க உங்க முன்னாடி சத்தமா சிரிக்கிறாங்களா? எப்டி பழக்குனீங்கனு கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு.