மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டிக் கிடக்கும் கடைகள்

என் தங்கை ரஷீதா கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். ஆறு மேசை, ஒரு சமையலறை, வாசலில் 'வீட்டுச் சாப்பாடு' என்று ஒரு பலகை. கடை திறந்து ஓராண்டு ஆகப்போகிற சமயத்தில், போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை எனக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. கட்டட உரிமையாளர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டுக்கும் கடை வேண்டுமென்றால் சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் அந்த இடத்துக்கு ஒரு சாக்லேட் கடைக்காரர் காத்திருக்கிறார். கொடைக்கானலில் இன்னொரு சாக்லேட் கடைக்கு என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

"கடையில காத்து வாங்குதுக்கா. என் கைப்பக்குவம்தான் மோசமா? நீ வந்து ஒருவாட்டி தின்னு பாத்துச் சொல்லு. மோசம்னா வெரசா மூடிட்டு வேற சோலியப் பாக்குறேன்" என்றாள்.

அவள் சமையலைத் தின்று பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஒரு பள்ளி விடுதியில் பதினைந்து ஆண்டுகள் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். நாக்கில் குறையில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள், அந்தக் கடைகளில் இருப்பது இவள் கடையில் ஏன் இல்லை என்று பார்த்துவிடலாம் என மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி இந்த வலைப்பூவில் இத்தனை வருடம் எழுதிக் குவித்ததற்கு ஒரு தடவையாவது பலன் கிடைக்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

செவ்வாய் காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல்லில் பேருந்து ஏறினேன். வத்தலக்குண்டு சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே காலைச் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே நுழைந்தால் போதும். இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு டீ, அறுபது ரூபாய். சால்னா அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் இருந்தது. கூட்டத்தை நம்பு என்பதுதான் என்னுடைய பழைய விதி, சமவெளியில் அது இதுவரை பொய்த்ததில்லை.

நேராகக் கொடைக்கானல் போகாமல் பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி போகும் பேருந்தைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் காப்பியும் மிளகும். பெரும்பாறையில் இறங்கி விசாரித்ததில் டீக்கடைக்காரர், மளிகைக்காரர், தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண் என மூன்று பேரும் ஒரே கடையைக் கை காட்டினார்கள். நல்ல சகுனம் என்று நடந்தேன். அப்போது மணி ஒன்றே கால். கடைக்குள் ஒரு ஆள் இல்லை. பெரிய பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு முடிஞ்சு போச்சுங்க" என்றார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிட்டதாம். கடையே முடிந்துவிட்டது, அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பசியில் எரிச்சலாக வந்தது. ரஷீதாவுக்கும் இந்தக் கதிதான் என்று தோன்றியபோது எரிச்சல் போய் பயம் வந்தது. ஒரு பன்னும் இரண்டு வாழைப்பழமும் தின்றுவிட்டு அடுத்த பேருந்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக மேலே ஏறினேன். கொடைக்கானல் சேரும்போது இருட்டிவிட்டது. (சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள்.)

புதன்கிழமை காலை ஒரு டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர்கள் சாப்பிடும் கடையில் சாப்பிடு என்பது என் இரண்டாவது விதி. ஓட்டுநர் முப்பது வயதுக்காரர், கலகலப்பான ஆள். "தம்பி, நீங்க தினமும் எங்க சாப்பிடுவீங்களோ அங்க விடுங்க" என்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரிய உணவகத்தில் விட்டுவிட்டு அவர் பின்பக்கம் போய்விட்டார். எனக்கு வந்த வெஜிடபிள் ஃபிரைட் ரைஸ் பாயசத்துக்குத் தங்கை மாதிரி இனித்தது. ஒரு தண்ணீர் பாட்டிலோடு முந்நூற்றுப் பத்து ரூபாய். வெளியே வந்ததும் அவரிடம், தினமும் இதையா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆமாங்க மேடம். ஆள் கூட்டியாந்தா எங்களுக்குப் பின்னால தனிச் சாப்பாடு, ஃப்ரீ. நீங்க நான் சாப்பிடுற எடத்தத்தான கேட்டீங்க?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் இரண்டாவது விதியை அந்த இடத்திலேயே விட்டேன். உங்களிடமும் அந்த விதி இருந்தால் மலை ஏறும் முன் இறக்கி வைத்துவிடுங்கள். பேச்சுவாக்கில் ரஷீதா கடையைக் கேட்டேன், அவள் யாரென்று சொல்லாமல்.

"அந்தக்கா கடையா? சாப்பாடு டாப்பா இருக்கும்ங்க. ஆனா டிரைவருக்குன்னு ஒண்ணும் செய்ய மாட்டாங்க. சந்துக்குள்ள வேற கெடக்கு. டூரிஸ்ட் எப்படி வருவான்?"

மத்தியானம் ரஷீதாவின் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். தேங்காய் அரைத்துவிட்ட மீன் குழம்பு, கோஸ் பொரியல், ரசம். எல்லாமே நன்றாக இருந்தன. ஒன்றிலிருந்து மூன்று வரை வந்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொரு தடவையும் வாசலில் நிழல் விழும்போது ரஷீதா எட்டிப் பார்த்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே வந்து கண்ணில் பட்ட பேருந்தில் ஏறினேன். அது பேத்துப்பாறை போகிற பேருந்து.

பேத்துப்பாறையில் விவசாயமும் தினக்கூலி வேலையும்தான். சாலையோரம் தகரக்கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மணி நாலரை. கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், துடைத்த தரை, ஆளில்லாத பெஞ்சு. பெரும்பாறையில் பார்த்த அதே காட்சி. இதுவும் நொடித்துப்போன கடைதான் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண், பெயர் முருகாயி, கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு ஒரு ஜீப்பும் அதன் பின்னாலேயே ஒரு பேருந்தும் வந்து நின்றன. இறங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்து, கழுவிய தூக்குவாளியை உள்ளே ஒரு பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலதில் பாத்திரக்கடையில் வெட்டிய பெயர், சிலதில் பிடியில் கட்டிய சிவப்பு நூல், ஒன்றில் நகப்பூச்சால் ஒரு பூ. கொஞ்ச நேரத்தில் பலகை நிறைந்துவிட்டது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"நாளைக்குச் சோறு போடத்தான். வெள்ளனே ஆறரைக்கு வந்து எடுத்துக்குவாங்க. வேலைக்குப் போற எடத்துல கடை ஏது? மத்தியானம் அங்கயே உக்காந்து தின்னுட்டு, பொழுது சாய வாளியக் கொண்டாந்து வைப்பாங்க."

"அப்ப மத்தியானம் கடையில யாரும் சாப்பிட மாட்டாங்களா?"

முருகாயி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மத்தியானம் ஊர்ல ஆளே கெடையாதேங்க. யாருக்கு ஆக்கி வைக்க?"

இரண்டு நாளில் என் மூக்கு உடைந்தது இது மூன்றாவது தடவை, ஆனால் இந்தத் தடவை சந்தோஷமாக உடைந்தது. இந்த மலையில் மத்தியானச் சாப்பாடு காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. பெரும்பாறைக் கடை நொடித்துப்போன கடையல்ல, அன்றைய வேலையை முடித்துவிட்ட கடை. நான்தான் கூட்டம் கலைந்து ஆறு மணி நேரம் கழித்துப் போய்க் கூட்டத்தைத் தேடியிருக்கிறேன்.

முருகாயியிடம் மிச்சம் இருந்த சோற்றில் கொஞ்சம் கேட்டுச் சாப்பிட்டேன். மொச்சையும் கருவாடும் போட்ட புளிக்குழம்பு. காலையில் வைத்தது, சில்லென்று ஆறியிருந்தது, ஆறியதால்தான் அப்படி ருசித்தது என்று நினைக்கிறேன். ஐம்பது ரூபாய் கொடுத்ததற்கு மிச்சச் சோற்றுக்குக் காசா என்று திட்டி முப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது, டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு இதுக்கு மேல வாளி கட்டாதுங்க. மத்தவக டவுன்ல எறங்கி பன்னு வாங்கிட்டுப் போறதுதான்."

வியாழன் காலை ஏழு மணிக்கு நான் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் நின்றேன். பக்கத்து ஊர்களிலிருந்து ஒவ்வொரு பேருந்தாக வந்தது. கட்டட வேலைக்காரர்கள், தோட்டக்காரர்கள், விடுதிகளில் துணி துவைக்கிறவர்கள். ஒரு அம்மா கூடையில் கொண்டுவந்த புளிச்சோற்றுப் பொட்டலம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. கிடைக்காதவர்கள் பன்னைக் காகிதத்தில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு ஜீப் ஏறினார்கள். அங்கிருந்து ஐம்பது அடி தள்ளி ரஷீதாவின் கடை பூட்டியிருந்தது. அவள் ஒன்பது மணிக்குத்தான் திறப்பாள்.

கடை திறந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"ஆறரைக்குச் சோறு ரெடியா இருக்கணும்னா நான் எத்தன மணிக்கு எந்திரிக்கணும்னு உனக்குத் தெரியுமாக்கா?"

எனக்குத் தெரியும். விடுதியில் அவளை எழுப்ப மூன்றரைக்கு மணி அடிப்பார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால்கூட மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள், வேலை எதுவும் இல்லாமல்.

"அந்த மணிச் சத்தமே வேணாம்னுதான வெளிய வந்தேன். விடிஞ்சப்பறம் எந்திரிச்சு, டீ குடிச்சு, ஒம்பது மணிக்குக் கடை தொறக்கணும்னு ஆசப்பட்டேன். அது ஒரு பெரிய ஆசையா?"

இல்லை என்றேன். வழி கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை எல்லாம் வடிந்து, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் விட்டுவிட்டு ஓடிவந்த வேலையை நானே கையில் எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறேன். கடையை மூடிவிட்டு என்னோடு திண்டுக்கல் வந்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பேத்துப்பாறைக்காரம்மா கொழம்புல தேங்கா அரச்சிருந்தாங்களா?"

"இல்ல. வெறும் புளிதான்."

"அரைக்கக் கூடாது. இந்தக் குளிருக்குக் கெடாது, ஆனா ஆறுனா கட்டிப்போயிரும்." அடுப்புப் பக்கம் திரும்பினாள். "விடுதில என்னாக்கா, முந்நூறு தட்டு. மிச்சம் வச்சவன் யாரு, வழிச்சுத் தின்னவன் யாருன்னு ஒண்ணும் தெரியாது. வாளின்னா ஆளு தெரியுமில்ல?"

வெள்ளிக்கிழமை காலை கட்டட உரிமையாளரிடம் கடை வேண்டும் என்று சொன்னாள். என்னிடம் ஒரு நிபந்தனையும் போட்டாள். "மத்தியானம் நான் தூங்குவேன். அப்ப நீயே வந்தாலும் தொறக்க மாட்டேன்."

நீங்கள் இந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மலையில் நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் காலையில் ஏழு மணிக்குள் தேடுங்கள். பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், பார்சல் பை கேட்டு நிற்காதீர்கள். வாங்கியதை மத்தியானம் வரை பொறுத்திருந்து எங்காவது ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஆறிப்போயிற்றே என்று வருந்த வேண்டாம், அது ஆறுவதற்கென்றே சமைத்தது. ஒரு மணிக்குக் காலியாக இருக்கும் கடையைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பலகையில் எத்தனை தூக்குவாளி இருக்கிறது என்று சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

ஐப்பசியில் ஒரு வேலையாக மறுபடியும் கொடைக்கானல் போனேன். மழையில் பேருந்து தாமதமாகி, ரஷீதாவின் சந்துக்குள் நுழையும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கடை பூட்டியிருந்தது. 'வீட்டுச் சாப்பாடு' பலகையைக் காணோம். வெளியூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கடைன்னு சொன்னாங்க. போணியாகாம மூடிட்டாங்க போல" என்றார் என்னிடம்.

நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய பாத்திரங்கள் ஈரம் காயாமல் கவிழ்ந்திருந்தன. சுவரில் புதிதாக அடித்த பலகைகள், மேலிருந்து கீழ் வரை மூன்று; அடியில் இருந்தது அந்த 'வீட்டுச் சாப்பாடு' பலகைதான். மூன்றும் காலி. நாளைக் காலை ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பாமல் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார்.

சமையலறைக்குப் பின்னால்தான் அவள் அறை. கதவைத் தட்டினால் கேட்கும் தூரம். நான் தட்டவில்லை. எதிர் டீக்கடையில் ஒரு பன்னை வாங்கி, டீயில் தோய்த்து, மழையைப் பார்த்தபடி நிதானமாகத் தின்றேன்.