வாலியிடம் வைத்த முறையீடு

அந்த டிவி தொடரின் இசை எங்காவது கேட்டால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன்.

துபாய்க்கு வெளியே மணல்வெளியில் ஒரு அரபித் தொடர் எடுத்தார்கள். ஆதி கலீஃபாக்கள் காலத்து ஆளுநர் ஒருவரின் கதை. மனிதர் ஒட்டுப்போட்ட அங்கி உடுத்துவார், பாயில் படுப்பார், தன் ரொட்டிக்குத் தானே மாவு பிசைவார். யாரும் நேரே வந்து குறை சொல்லலாம். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று, வார லீவில் படுத்துக் கிடந்த எங்கள் லேபர் கேம்ப் ஆட்களை பஸ்ஸில் அள்ளிப் போனார்கள். எனக்கு அரபி தெரியும் என்பதால் மொழிபெயர்க்க நானும் போனேன்.

ஆளுநராக நடித்தவனைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒட்டுப்போட்ட அங்கியை ஒருவன் இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். ஏசி வண்டியை விட்டு இறங்கி எங்களைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

கூட்டத்தில் என் ரூம்காரன் ஒருவனும் இருந்தான். ராமநாதபுரம் பக்கம், கம்பி கட்டுகிறவன். ஊரில் அவன் அம்மா சாகக் கிடந்தாள். லீவு கேட்டு கேம்ப் பாஸ் காலில் விழாத குறை. "லீவு மாஃபி" என்று அந்த ஆள் கையை விரித்துவிட்டான். இவன் பாஸ்போர்ட்டும் அந்த ஆளிடம்தான்.

"வாலி எங்கே?" என்று டைரக்டர் கத்தினார். அரபியில் ஆளுநருக்கு வாலி என்று பெயர். ரூம்காரன் முன்பு ஓமானில் வேலை பார்த்தவன். அங்கே வாலி என்பவர் நிஜமான அதிகாரி, குறை இருந்தால் அவர் ஆபீஸில் போய்ச் சொல்லலாம்.

"அண்ணே, நெசமாவே வாலி வந்துருக்காரா?"

"அட கிறுக்குப்பயலே, அவன் நடிகன்டா!"

அவன் காதில் ஏறவில்லை. யல்லா யல்லா என்று அவனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

கேமரா ஓடியது. "உன் குறை என்ன?" என்று வாலி அரபியில் கேட்டான். சும்மா குனிந்து நிற்க வேண்டியவன் தமிழில் கொட்டித் தீர்த்தான்.

"ஐயா, எங்கம்மாவ உசுரோட ஒரு தடவ பாக்கணும்யா. லீவு தரமாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்கய்யா."

தேம்பித் தேம்பி அழுதான். வாலி அவன் தோளைத் தொட்டுத் தானும் கண் கலங்கினான். "கலாஸ்!" என்று டைரக்டர் கைதட்டினார்.

"அண்ணே, கலாஸ்னுட்டாங்க! என் விஷயம் முடிஞ்சிருச்சா?"

"சீன் முடிஞ்சிருச்சுடா."

அங்கே வாலி, தோளைத் தொட்ட கையை டிஷ்யூவால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான். தூ! மனசு கேட்காமல் டைரக்டரிடம் போய் ரூம்காரனின் அம்மா விஷயத்தைச் சொன்னேன். "பிரமாதம், அதே அழுகையோடு இன்னொரு தடவை எடுப்போம்" என்றார் அந்த ஆள். எடுத்தார்கள். அதே வாரம் அவன் அம்மா போய்விட்டாள். கொள்ளி வைத்ததை ரூம் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தான்.

ரமலானில் தொடர் வந்தது. மெஸ் டிவியில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது. அந்த அழுகைக்கு எவனோ அரபியில் குரல் கொடுத்திருந்தான்.

"நான் என்னண்ணே சொல்றேன்?"

சொல்லாமல் விடப் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறான்.

"ஒட்டகம் காணாமப் போச்சாம்டா."

டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெடச்சுச்சாண்ணே?"

"கெடச்சிருச்சு. வாலி தேடிக் குடுத்துட்டாரு."