நல்ல சிப்பைக் கழட்ட வந்தவர்

லண்டனில் இருக்கும் என் அண்ணன் லீவில் வந்தபோது டி.வி.யில் மாட்டி விளையாடும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு டி.வி.யில் மாட்டினோம். படம் பளிச்சென்று வந்தது. சத்தம்தான் வரவே இல்லை. திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம்.

கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்ததுமே அவர், "சவுண்டு சிப் போயிடுச்சு சார், கழட்டிடணும்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, சால்டரிங் அயர்னைச் சூடாக்க ஆரம்பித்தார்.

"டி.வி.யை விட்டுட்டு வேற எதுலயாவது மாட்டிப் பாருங்களேன்" என்றேன்.

"அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது சார்" என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரோடு வந்த, சத்தத்துக்கான தனி ஒயரை எடுத்து டேப் ரிக்கார்டரில் நானே சொருகி, ஒரு விளையாட்டைப் போட்டேன். வீடே அதிரும்படி இசை முழங்கியது!

மனுஷர் அசரவே இல்லை. "இது லண்டன் டி.வி.க்குன்னு செஞ்சது, அங்க சவுண்டு அலைவரிசை வேறம்மா. நம்ம டி.வி.யில படம் வரும், சத்தம் வராது. தெரிஞ்சதுதான்" என்றார்.

தெரிந்ததுதானாம்! அப்புறம் எதற்கு நல்ல சிப்பில் கை வைக்க வந்தார்?

இப்போதெல்லாம் மிக்ஸியோ ஃபேனோ, என் கண்ணெதிரே வேறு பிளக்கில் போட்டுக் காட்டிய பிறகுதான் திருப்புளியைத் தொட விடுகிறேன். எனக்குப் புரியாது என்பவர்களுக்கு, வாசல் எந்தப் பக்கம் என்று புரியவைத்துவிடுகிறேன்.